கொக்கி, கொக்கு, அக்கா

ஜூன் 3, செவ்வாய்

இன்று வகுப்புக்கு வெளியே நின்றேன். செய்த குற்றம்: ஒரு கால். நூலக வாசலில் 'அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு துணைக்காலைச் சேர்த்தேன். 'அமைதி காக்காவும்' ஆகிவிட்டது. பொருத்தமாக இருக்கட்டுமே என்று ஓரத்தில் கறுப்பாக ஒரு பறவையும் வரைந்தேன். அந்தப் பறவைதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. போன வருடம் தலைமையாசிரியையை வரைந்தபோதும் இதே மூக்கைத்தான் வைத்திருந்தேனாம்.

அம்மா தையற்கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். கழுத்தில் அளவு நாடா, காலரில் குண்டூசிகள். தலைமையாசிரியை முன்னால் என்னை வறுத்தெடுத்தாள். பேருந்தில் ஏறியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, சிரிப்பில். "அப்பாகிட்ட சொல்லிடாத, அவரு உன்னைப் பாராட்டிடுவாரு" என்றாள்.

அக்காவிடம் சொல்ல வேண்டும். எனக்கு 'வாலு' என்று பெயர் வைத்தவள் அவள்தான். இப்போது கடலில் இருக்கிறாள். போர் விமானம் ஓட்டுகிறவள். ஒரு பெரிய கப்பலின் தலைமேலிருந்து கிளம்பி, அதே தலைமேல் வந்து இறங்குவது அவள் உத்தியோகம். நம்மால் ஓடும் பேருந்தில் ஏறவே முடிவதில்லை. அவள் ஓடுகிற கப்பலில் விமானத்தை ஏற்றுகிறாள்.

ஜூன் 5, வியாழன்

பள்ளி விட்டு வந்தபோது அப்பா வீட்டில் இருந்தார். பகலில் அப்பா வீட்டில் இருந்து நான் பார்த்ததில்லை. வேலைச் சட்டை, கையெல்லாம் கிரீஸ், அதே கையோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார். அம்மா சோபாக் கறையைப் பார்க்கக்கூட இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது.

அக்காவின் விமானம் கப்பலில் இறங்கும்போது கடலில் விழுந்துவிட்டது.

அவ உயிரோட இருக்கா. இருக்கான்னு சொன்னாங்க. ஆனா அவ குரல ஏன் கேட்க விடல? நல்லா இருக்கான்னா ஏன் பேச விடல?

எனக்கு ஒரு ஜோக்கும் வரல.

ஜூன் 6, வெள்ளி

பேசினாள். முதல் வார்த்தை: "வாலு, நான் நல்லாதான் இருக்கேன், கடல்தான் கொஞ்சம் உப்பு." சிரித்துக்கொண்டே அழுதேன். அப்பா போனை வாங்கி "ம்… ம்…" என்றார். அவ்வளவுதான் அவருக்கு வந்தது.

ஜூன் 12, வியாழன்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மார்பிலிருந்து இடுப்பு வரை கெட்டியாக ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள். விமானம் விளிம்பைத் தாண்டிய நொடியில் கைப்பிடியை இழுத்தாளாம். இருக்கையோடு சேர்த்து அவளை வானத்தில் வீசி எறிந்துவிட்டது. பிறகு பாராசூட், பிறகு கடல், பிறகு ஹெலிகாப்டர். வீசிய வேகத்தில் முதுகெலும்பு அழுந்தி, ஒரு விரல் அகலம் குட்டையாகிவிட்டாள். பக்கத்தில் நின்று பார்த்தேன். இப்போது நான்தான் உயரம். இனிமேல் நான் அக்கா, நீ தங்கச்சி என்றேன்.

"சரிக்கா. போயி தண்ணி கொண்டு வாக்கா" என்றாள்.

செய்தித்தாளில் வந்ததற்கு மேல் எதையும் அவள் சொல்லக்கூடாது. விசாரணை நடக்கிறது. எனக்குப் புரிந்த வரையில் இவ்வளவுதான்: விமானத்தின் வாலில் ஒரு கொக்கி இருக்கும். கப்பல் தளத்தின் குறுக்கே தடித்த இரும்புக் கம்பிகள் கிடக்கும். இறங்கும்போது கொக்கி ஒரு கம்பியைப் பிடிக்க வேண்டும். கம்பியின் இரண்டு நுனியும் கீழ்த்தளத்தில் ஒரு ராட்சத யந்திரத்தில் போய் முடிகின்றன. அந்த யந்திரம்தான் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, இழுத்துப் பிடித்து, விமானத்தை நிறுத்துகிறது. வருவது கனமான விமானமா லேசான விமானமா என்று பார்த்து யந்திரத்தின் முள்ளை முன்கூட்டியே திருப்பி வைக்க வேண்டும்.

அன்று அக்காவின் வழக்கமான விமானம் பழுது. அதனால் இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானத்தைத் தனியாக ஓட்டிப்போயிருந்தாள். அது கனம் அதிகம். கொக்கி ஒழுங்காகப் பிடித்தது. கம்பி நீண்டது. நீண்டுகொண்டே போனது. நின்றுவிட்டோம் என்று அவள் நினைத்த நேரத்தில் கடைசி வரை போய் அறுந்துவிட்டது. சுருக்கமாகச் சொன்னால், கம்பி கம்பி நீட்டிவிட்டது.

ஏன் என்பதுதான் கேள்வி. அக்கா வேண்டியதைவிட வேகமாக வந்திருக்கலாம். அல்லது கீழே யந்திரம் வேண்டியதைவிட லேசாகப் பிடித்திருக்கலாம். இரண்டிலும் கம்பி ஒரே மாதிரிதான் நீளும். வேகத்தைப் பதிவு செய்த பெட்டி விமானத்தோடு ஆழத்தில் கிடக்கிறது. கீழ்த்தளத்து முள்ளைப் பார்க்கலாம் என்றால், அன்று மேலே இன்னொரு விமானம் எரிபொருள் தீரும் நிலையில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை இறக்குவதற்காக உடனே முள்ளைப் புதிதாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். சரியாகத்தான் வைத்தோம் என்கிறார்கள் கீழே இருந்தவர்கள். சரியாகத்தான் வந்தேன் என்கிறாள் அக்கா.

'விமானியின் பிழை' என்று எழுதிவிட்டால் அக்கா இனிமேல் கப்பலில் இறங்க முடியாது. கரையில் ஒரு மேசை கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். "சக்கரம் வெச்ச நாற்காலி குடுப்பாங்க. அதை ஓட்டிக்கிறேன்" என்றாள். சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் தண்ணீர்ச் செம்பைக் கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 14, சனி

விழுந்தது விமானம். இன்னும் பறந்துகொண்டிருப்பது விமர்சனம்.

எங்கள் குடியிருப்பில் இப்போது எல்லோரும் விபத்து நிபுணர்கள். அவரவர் தொழில்தான் அவரவர் கண்டுபிடித்த காரணம். எதிர்வீட்டு கண் டாக்டர் பார்வைக் குறைபாடு என்கிறார். முடிதிருத்துகிறவர், "ஹெல்மெட்டுக்குள்ள முடி வந்து கண்ண மறைச்சிருக்கும், என்கிட்ட வந்திருந்தா ஒட்ட வெட்டிவிட்டிருப்பேன்" என்று வருத்தப்பட்டார். இயற்பியல் சார் பாதி வகுப்பை எடுத்துக்கொண்டு, அலையில் கப்பல் தூக்கியதுதான் காரணம் என்று கரும்பலகையில் நிரூபித்தார். பலகையில் கப்பல் வாத்து மாதிரி இருந்தது. நான் அலகு வைக்கவில்லை. வைக்க மனமில்லை.

அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஆகவே கம்பிதான் என்று அடித்துச் சொல்கிறார். கம்பியில் ஒரு இழை விட்டிருந்தாலும் கையால் தடவினால் தெரிந்துவிடுமாம். போய்த் தடவிப் பார்க்க அனுமதி கேட்டு எழுதலாமா என்று யோசிக்கிறார்.

அம்மா மட்டும் காரணமே சொல்லவில்லை. அக்காவின் சட்டைகளை எல்லாம் பக்கவாட்டில் பிரித்து, பட்டைக்கு மேல் போடுகிற மாதிரித் தைத்துக்கொண்டிருக்கிறாள்.

தொலைக்காட்சியில் வரும் வல்லுநர்களுக்கு நான் வைத்த பெயர் வள்வள்ளுநர்கள். அக்கா லேசாக உதட்டை இழுத்தாள். சிரித்தால் முதுகு வலிக்கிறது. அதனால் நான் அரை ஜோக்குகளாகத்தான் சொல்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

செய்தியில் விசாரணைத் தலைவரைக் காட்டினார்கள். பெரிய அதிகாரி, பெரிய மீசை. தலையில் மட்டும் பொட்டு முடி கிடையாது, விளக்கொளியில் மினுமினுத்தது. எதைக் கேட்டாலும் ஏன், எப்படி என்று திருப்பிக் கேட்பாராம். ஏனெப்படியார் என்று பெயர் வைத்துவிட்டேன்.

அடுத்த செய்தியில் பெரிய எழுத்தில் போட்டார்கள்: அனுபவமற்ற விமானியின் அவசரமா?

அனுபவமற்றவளாம். எத்தனை தடவை இறங்கியிருக்கா தெரியுமா உங்களுக்கு? மழையில இறங்கியிருக்கா. இருட்டுல இறங்கியிருக்கா. நீங்க ஸ்டூடியோ நாற்காலியில இறங்குனதுக்கே தண்ணி குடிக்கிறீங்க.

அக்கா எழுந்து அறைக்குள் போய்விட்டாள். கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். ஓங்கிச் சாத்தியிருந்தால் தேவலை.

காரணம், காரணம் என்று ஊரே கேட்கிறது. அந்தச் சொல்லுக்குள் பாதிக்கு மேல் ரணம்தான் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

இன்று கொஞ்சம் வாலாட்டினேன்.

கீழ்வீட்டு ஆன்ட்டிக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஒலிபரப்பு ஆன்ட்டி. எந்தச் சேதி போட்டாலும் சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்குக் கேட்கும். துணி துவைக்கும் இடத்தில் என்னை மடக்கி, "கண்ணு, உங்க அக்காவுக்கு உண்மையில என்னதான் ஆச்சு, எங்கிட்ட மட்டும் சொல்லு" என்றார். பத்திரிகையில் வந்த அதே பழைய வரிதான் என்னிடம் இருந்தது. ஆனால் சும்மா கொடுக்க மனம் வரவில்லை. சலவை யந்திரம் தடதடவென்று சுழலும் நேரம் பார்த்து, இரண்டு பக்கமும் பார்த்து, வாயைக் கையால் மூடிக்கொண்டு, ராணுவ ரகசியம் போலக் கிசுகிசுத்தேன்: "கொக்கி கம்பிய பிடிச்சிடுச்சு, கம்பிதான் நிக்கல."

அவர் முகம் அப்படியே மாறிவிட்டது. தலையை மெள்ள ஆட்டி, யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

எந்த உருவத்தில் திரும்பி வரும் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

வந்துவிட்டது. சிறகோடு வந்துவிட்டது.

காலையில் பால் போடுகிறவர் அப்பாவிடம் துக்கம் விசாரித்தார். கம்பியில் கொக்கு உட்கார்ந்திருந்ததாமே, பாவம் பாப்பா அதைக் காப்பாற்றப் போய்த்தான் இப்படி ஆயிற்றாமே என்று. பள்ளியில் ஒருத்தி, கொக்கு கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம் என்றாள். மாலையில் இணையச் சானல் ஒன்றில் ஒரு வள்வள்ளுநர் குச்சியால் படத்தைத் தொட்டுத் தொட்டு, நடுக்கடலில் கொக்கு எப்படி வந்திருக்க முடியும் என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். நம்பகமான வட்டாரங்கள் சொன்னதாம். வட்டாரம் கீழ்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் அக்காவிடம் நடித்துக் காட்டினேன். பால்காரர், பள்ளிக்கூடத்துக்காரி, குச்சிக்காரர், கடைசியில் ஒற்றைக்காலில் நின்று கொக்கு. விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக முழுச் சிரிப்பு சிரித்தாள். "ஐயோ வலிக்குது, நிறுத்துடி, வலிக்குது" என்று கட்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அம்மா கத்தரிக்கோலோடு ஓடிவந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. கை கட்டிலின் மேலேயே இருந்தது.

"நீ அவங்ககிட்ட என்னன்னு சொன்ன?"

கொக்கி என்றேன்.

"மெஷின் ஓடிட்டு இருந்துச்சா?"

ஆமாம்.

"கொக்கின்னு சொன்ன. கொக்குன்னு கேட்டுட்டாங்க." சுவரைப் பார்த்துக்கொண்டு தனக்குத்தானே ஏதோ இரண்டு வார்த்தையை முணுமுணுத்துப் பார்த்தாள். அதன்பின் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

ஜூன் 21, சனி

இன்று எங்கள் சமையலறை ஒரு போர்க்கப்பல்.

வெளியே மூச்சு விடக்கூடாது என்ற நிபந்தனையோடு அக்கா சொன்னது இது. ஒரு ஆள் உட்காரும் விமானத்துக்கு நீளமான பெயர், எண், எல்லாம் உண்டு. கப்பலில் அவ்வளவையும் சொல்ல யாருக்கு நேரம்? முன்பக்கம் சின்னதாக மழமழவென்று இருப்பதால் அதை மொட்டை என்பார்கள். இரண்டு இருக்கை உள்ள பயிற்சி விமானம் ரெட்டை. விமானம் இறங்க வரும்போது மேலிருந்து ஒருவர் ஒலிவாங்கியில் 'ரெட்டை' என்பார். கீழ்த்தளத்தில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு முள்ளைத் திருப்புவார். கீழே ஜன்னல் கிடையாது. வருவது எது என்று கண்ணால் பார்க்க வழியில்லை. அன்று காலையிலிருந்து வந்தது எல்லாம் மொட்டை. நடுவில் அக்கா மட்டும் ரெட்டையில் வந்தாள்.

மொட்டை. ரெட்டை. எதுகை என்றால் எதுகை, அப்படி ஒரு எதுகை. யந்திர இரைச்சலில் முதல் எழுத்து செத்துவிடும். 'ட்டை' மட்டும்தான் பிழைத்து வரும்.

சோதித்துப் பார்த்துவிடுவோம் என்றேன். மிக்சியும் தூசி உறிஞ்சும் கருவியும் அலற, அப்பா சமையலறையில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கீழ்த்தளம் ஆனார். நான் கூடத்தில் மேல்தளம். நடுவாசலில் அக்கா. வெறும் மிக்சியை ஓட்டினால் மோட்டார் போய்விடும் என்று அம்மா கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

மொட்டை என்று பலமுறை கத்தினேன். அப்பா மொட்டை என்று திருப்பினார். பழக்கமாகிவிட்டது. நடுவில் ஒரு ரெட்டையைச் செருகினேன். அப்பா எதையோ திருப்பிச் சொன்னார். சரியாகத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. கட்டைவிரலை உயர்த்தினேன். அவரும் உயர்த்தினார். இரண்டு பேருக்கும் பரம திருப்தி.

நடுவாசலில் நின்ற அக்காவுக்கு மட்டும் திருப்தி இல்லை. மிக்சியை அணைக்கச் சொன்னாள்.

"அப்பா, கடைசியா என்ன சொன்னீங்க?"

"மொட்டை."

நான் கேட்டது ரெட்டை. எதை எதிர்பார்த்தேனோ அதையே கேட்டிருக்கிறேன். அவரும் அப்படியே.

அப்பா மெதுவாகப் பஞ்சை எடுத்தார். "அப்ப கம்பி மேல தப்பு இல்லையா" என்றார். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவருக்கு.

ஜூன் 22, ஞாயிறு

எனக்கு ஒன்று புரியவில்லை. இவ்வளவு சுலபமான விஷயம் விசாரணையில் ஏன் வரவில்லை?

அக்கா விளக்கினாள். விசாரணையில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் தேய்த்த சட்டை போட்டு, மேடைப் பேச்சு மாதிரிப் பேசுவார்கள். 'ஒற்றை இருக்கை வகை', 'பயிற்சி வகை' என்பார்கள். இந்த இரண்டையும் எவ்வளவு இரைச்சலிலும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். விபத்து நடந்தது பேச்சுத் தமிழில். விசாரணை நடப்பது எழுத்துத் தமிழில்.

"அது மட்டும் இல்ல" என்று இழுத்தாள். பிறகு தலையை ஒருமுறை தடவிக் காட்டினாள்.

அட கடவுளே. ஏனெப்படியார்.

முடியில்லாத பெரிய அதிகாரி முன்னால் நின்று எந்த மாலுமி 'மொட்டை வந்துச்சுங்க ஐயா' என்பான்? ஒரு விமானத்தின் கதையே அந்த மரியாதையில் மூழ்கிக் கிடக்கிறது.

அப்படியானால் நாளைக்கே போய்ச் சொல்லிவிடு என்று குதித்தேன். அக்கா குதிக்கவில்லை. கீழ்த்தளத்தில் முள்ளைத் திருப்பியவன் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பையனாம். தன் மேலிருந்து பழியை எடுத்து அப்படியே அவன் தலையில் வைத்த மாதிரி ஆகிவிடுமே என்கிறாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நீ விழுந்தியா அவன் விழுந்தானா? உன் முதுகா அவன் முதுகா? கத்திவிட்டேன்.

அவள் கத்தவில்லை. "அவன் பேரை நான் சொல்ல மாட்டேன்டி. அந்த வார்த்தையோட பேரைத்தான் சொல்லப்போறேன். அதுவும் நிரூபிச்சுட்டுத்தான்."

ஜூன் 25, புதன்

அக்கா விசாரணைக்குப் போனாள். அம்மா பிரித்துத் தைத்த சீருடைச் சட்டை, உள்ளே பட்டை இருப்பதே தெரியவில்லை. நேராக நின்றுதான் சொல்வேன் என்று நாற்காலியை மறுத்துவிட்டாளாம்.

கீழ்த்தளத்தில் எங்கள் விமானங்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று யாரையாவது கேட்டீர்களா என்றாளாம். ஏன், எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டாராம் தலைவர்.

"மொட்டைங்க, ஐயா."

பக்கத்து அதிகாரி ஜன்னலில் ஏதோ முக்கியமானதைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாராம். தலைவர் அக்காவையே பார்த்தாராம். பிறகு, "மற்றது?"

"ரெட்டைங்க, ஐயா."

அவர் இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாராம். மொட்டை. ரெட்டை. மறுபடி ஒருமுறை. பிறகு ஏன் என்றும் கேட்கவில்லை, எப்படி என்றும் கேட்கவில்லை. கப்பலைத் தயார் செய்யச் சொன்னாராம்.

ஜூன் 28, சனி

ஜெயிச்சாச்சு. ஜெயிச்சாச்சு. ஜெயிச்சாச்சு.

நேற்று துறைமுகத்தில் கப்பலின் மேல் இரண்டு விமானங்களின் எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு, கீழ்த்தளத்தில் யந்திரத்தையும் ஓடவிட்டுச் சோதித்திருக்கிறார்கள். அனுபவமுள்ள மாலுமிகளே மாறி மாறித் தப்பாகக் கேட்டார்களாம். கடைசியில் தலைவர் எழுந்து, மீசையை ஒதுக்கிவிட்டு, தானே கீழே இறங்கிப் போய்க் காதில் கருவியை மாட்டிக்கொண்டாராம். மேலிருந்து 'ரெட்டை' என்றார்கள். அவர் கம்பீரமாக முள்ளை மொட்டைக்குத் திருப்பிவிட்டு, சரிதானே என்று நிமிர்ந்து பார்த்தாராம்.

யாரும் சிரிக்கவில்லையாம். நான் அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அந்தப் பையன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தானாம். தலைவர் அவன் பக்கம் போய், "நீ கேட்டதைத்தான் நானும் கேட்டேன்" என்று தோளைத் தட்டினாராம். அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான் என்றாள் அக்கா. 'அவன் முதுகா' என்று நான் கத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

அப்பா ஐஸ்கிரீம் வாங்கி வந்தார். ஆளுக்கு ஒரு பெட்டி. கரண்டி தேடக்கூட யாருக்கும் பொறுமை இல்லை.

ஜூலை 4, வெள்ளி

அறிக்கை வந்துவிட்டது. காரணம்: 'ஒலி ஒப்புமையால் நேர்ந்த தகவல் பிறழ்வு.' பார்த்தீர்களா, மறுபடியும் எழுத்துத் தமிழுக்குப் போய்விட்டார்கள். 'விமானியின் செயல்பாட்டில் குறையேதும் இல்லை' என்று ஒரு வரி. அம்மா அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்து, தையல் யந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் ரவிக்கை அளவு கொடுப்பதற்கு முன் அதைப் படித்தாக வேண்டும்.

முதுகு சரியாகி, மருத்துவர்கள் சரி என்றால், அக்கா மறுபடி பறக்கலாம்.

ஒலிபரப்பு ஆன்ட்டி படியேறி வந்து அக்காவின் கன்னத்தை வழித்தார். அந்தக் கொக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டார். அக்கா ரொம்ப மரியாதையாக, நலமாக இருக்கிறது என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

கப்பலுக்குப் புதுப் பெயர்கள் வேண்டுமாம். எவ்வளவு இரைச்சலிலும் ஒன்றோடு ஒன்று ஒட்டாத இரண்டு சொற்கள். யோசனை சொல்லும்படி அக்காவையே கேட்டிருக்கிறார்கள். அவள் என்னைக் கேட்டாள். என் வாழ்நாளில் பெரியவர்கள் விரும்பிக் கேட்ட முதல் குறும்பு.

மொட்டை மொட்டையாகவே இருக்கட்டும், ரெட்டைக்கு ஒட்டகம் என்றேன். "அதுலயும் 'ட்ட' வருதுடி, ஒழுங்கா யோசி." யானை என்றேன், ரொம்பக் குட்டை, பாதி காற்றில் போய்விடும் என்றாள். அப்பா 'லிஃப்ட்' என்றார், யாரும் கவனிக்கவில்லை. மிக்சியைப் போட்டுக்கொண்டு காய்கறிக் கூடையில் இருந்த எல்லாவற்றின் பெயரையும் கத்தினோம். கத்தரிக்காய் தோற்றது. முருங்கைக்காய் பாதி தேறியது. பூசணிக்காய் மட்டும் எத்தனை தடவை கத்தினாலும் பூசணிக்காயாகவே போய்ச் சேர்ந்தது. கனமும் இருக்கிறது.

"இதை நான் எப்படிடி மேலதிகாரிகிட்ட சொல்றது?"

மொட்டையையே சொல்லியாயிற்று, இதற்கென்ன என்றேன்.

ஜூலை 23, புதன்

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இந்தப் பூமியில் எங்கோ ஒரு போர்க்கப்பலின் மேல், மார்பு நிறையப் பதக்கம் குத்திய அதிகாரிகள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல், 'பூசணிக்காய் வருகிறது, தயாராகவும்' என்று ஒலிபெருக்கியில் கர்ஜிக்கிறார்கள். பலகையில் ஒரு கால் சேர்த்ததற்கு என்னை வெளியே நிற்க வைத்தது என் பள்ளி. அவர்களிடம் சொல்லவும் முடியாது, ராணுவ ரகசியம்.

வாய் அரிக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

பட்டையைக் கழற்றிவிட்டார்கள். அக்கா கூடத்தில் குனிந்து காலைத் தொட்டாள். நாங்கள் கைதட்டினோம். போன உயரத்தில் பாதி திரும்பி வந்திருக்கிறது. மீதியை நீயே வச்சுக்கோ என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டாள். நான் கணிதத்தில் தேறவில்லை. இரண்டும் ஒரே வாரத்தில் வந்ததால் என்னை யாரும் திட்டவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

அக்கா கிளம்பிப் போய்விட்டாள். பைக்குள் என் காலுறையைத் திணித்துக்கொண்டு போயிருக்கிறாள், ஒன்றை மட்டும். வேண்டுமென்றே.

நவம்பர் 14, வெள்ளி

விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அக்கா இன்று கப்பலில் இறங்குகிறாள். அம்மா ஒரே சட்டைக்கு இரண்டு தடவை பொத்தான் தைத்தாள். அப்பா வேலைக்குப் போகாமல், எங்கள் குடியிருப்பின் லிஃப்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு கோளாறும் கிடையாது.

மாலையில் போன் வந்தது. அம்மா எடுத்தாள், உடனே அப்பாவிடம் கொடுத்தாள். அவர் "ம்… ம்…" என்று என்னிடம் கொடுத்தார்.

இறங்கினாயா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள். சாப்பாட்டில் உப்பு இல்லையாம். மேல் கட்டிலில் படுப்பவள் குறட்டை விடுகிறாளாம். நாளைக்கு விடியுமுன் எழுந்து மூன்று தடவை பறந்து மூன்று தடவை இறங்க வேண்டுமாம், மறுநாளும் அப்படியே, ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை கிடையாதாம்.

"அலுப்பா இருக்குடி" என்று ஒரு கொட்டாவி விட்டாள்.

ஒலிபெருக்கியைப் போட்டேன். அடுத்த கொட்டாவியை அம்மாவும் அப்பாவும் நின்றுகொண்டே கேட்டார்கள்.